உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளின் அன்னை கெவின்



நமது பங்கின் பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாட்கள் யோசித்தோம். ஆலயத்தின் வரலாற்றையும், இங்குப் பணியாற்றிய குருக்களின் நினைவுகளையும் எழுத வேறு பலர் இருக்கிறார்கள். பொன்விழா நினைவாக ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி ஒன்று தொடங்குவதெனப் பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. ஆகவே, ஏழைக் குழந்தைகளுக்காகவே வாழ்ந்து, அவர்களுக்காகவே பிச்சை எடுத்து, அந்தப் பணியிலேயே உயிர்விட்ட ஒரு கன்னியரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்வது நலம் என நமக்குத் தோன்றியது.

அவர் பெயர் அன்னை கெவின். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டு மக்கள் அவரை மாமா கெவினா என்று அழைத்தார்கள். நம் ஊரில் மாமா என்றால் தாயோடு பிறந்தவர். அந்த நாட்டிலோ மாமா என்றால் அம்மா. முறை எதுவானாலும், தாயில்லாப் பிள்ளைக்கு ஓடி வந்து நிற்கும் உறவு என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

அனாதைச் சிறுமி

அயர்லாந்து நாட்டில் விக்லோ என்னும் மாவட்டத்தில் ஆர்க்லோ என்ற ஊர் இருக்கிறது. அதற்கு அருகே ஓர் எளிய குடும்பத்தில் 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தெரேசா கார்னி என்று பெயரிட்டார்கள். குழந்தை பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். ஆனால் தெரேசாவுக்குப் பத்து வயதானபோது தாயாரும் காலமானார். பாட்டிதான் பிள்ளையை எடுத்து வளர்த்தார். ஜெபமாலை சொல்லவும், இருப்பதைப் பகிர்ந்து உண்ணவும் கற்றுக் கொடுத்தவர் அந்தப் பாட்டியே. தெரேசாவுக்குப் பதினேழு வயதானபோது அவரும் கண்ணை மூடினார்.

தகப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை, தாயும் போனார், பாட்டியும் போனார். பிறர் தயவில் வளரும் பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம் வாழ்விலேயே தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் அவர் செய்த அத்தனைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

கன்னியரிடம் படித்து, சிறிது காலம் உதவி ஆசிரியையாகப் பணிபுரிந்த தெரேசா, 1895-ஆம் ஆண்டு லண்டன் மாநகரை அடுத்த மில் ஹில் என்னுமிடத்தில் இருந்த பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். கெவின் என்ற துறவறப் பெயரைப் பெற்றார். அமெரிக்காவிலுள்ள கறுப்பின மக்களிடையே பணிபுரிய வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆனால் ஆண்டவர் வேறொரு கண்டத்தைக் குறித்து வைத்திருந்தார்.

மாமரத்தடி மருத்துவமனை

உகாண்டா திருச்சபையின் வரலாற்றை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். வெண்குருக்கள் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு மறைபோதகர்கள் 1879-ஆம் ஆண்டு அங்குச் சென்றனர். ஏழே ஆண்டுகளில், 1886-இல், புனித சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும் நமுகோங்கோ என்னுமிடத்தில் உயிரோடு எரிக்கப்பட்டு வேதசாட்சிகள் ஆயினர். அந்த இளம் திருச்சபைக்கு உதவ மில் ஹில் குருக்கள் 1895-இல் சென்று, தலைநகர் கம்பாலாவிலுள்ள நசாம்பியா குன்றில் தங்கள் இல்லத்தை அமைத்தனர். அவர்களின் ஆயர் ஹென்றி ஹன்லன் என்பவர், அதற்கு முன் நம் இந்தியாவின் வடகோடியிலுள்ள லடாக்கில் பணியாற்றியவர். பெண்களிடமும் குழந்தைகளிடமும் பணிபுரியக் கன்னியர் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், 1902-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஆறு கன்னியர்கள் லண்டனை விட்டுப் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சகோதரி கெவின். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அந்நாளில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப்பாதை போட்டு முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. அந்தப் பாதையைப் போட்டவர்கள் பெரும்பாலும் நம் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள். அங்குச் சென்ற சுமார் 32,000 பேரில் ஏறத்தாழ 2,500 பேர் நோயினாலும் விபத்தினாலும் மடிந்தார்கள். கன்னியர்கள் 1903-ஆம் ஆண்டு ஜனவரியில் நசாம்பியாவை வந்தடைந்தனர்.

அங்கே அவர்களுக்கு மருத்துவமனைக் கட்டடம் ஏது? ஒரு மாமரத்தின் நிழலில்தான் முதல் மருத்துவப் பணி தொடங்கியது. புண்ணோடும் காய்ச்சலோடும் வந்தவர்களை அந்த மரத்தடியில் உட்காரவைத்து மருந்து போட்டார்கள். நம் கிராமங்களில் ஆலயம் எழுவதற்கு முன் வேப்பமரத்தடியில் பூசை நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்டவருடைய வேலை எங்கும் மரத்தடியில்தான் ஆரம்பமாகிறது போலும்.

அது கொடிய காலம். விக்டோரியா ஏரிக்கரை முழுவதும் தூக்க நோய் என்னும் கொள்ளைநோய் பரவியிருந்தது. ஒருவகை ஈ கடிப்பதால் வரும் நோய் அது. கடிபட்டவன் நாளடைவில் உடல் மெலிந்து, புத்தி மயங்கி, தூங்கித் தூங்கியே செத்துப்போவான். 1900-க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்நோயால் இறந்தார்கள். ஏரிக்கரைக் கிராமங்கள் பல ஆளில்லாமல் போயின. பெரியவர்கள் சாகும்போது பிள்ளைகள் யார் கையில் போய்ச் சேருவார்கள்? அந்தக் கேள்விதான் மருந்துப் பெட்டியோடு வந்த கன்னியரின் முன் வந்து நின்றது.

1906-இல் நசாம்பியாவுக்கு வெளியே நகலாமா என்ற ஊரில் இரண்டாவது இல்லம் தொடங்கப்பட்டது. 1910-இல் சகோதரி கெவின் தலைவியானார். அன்று முதல் அவர் அன்னை கெவின்.

போரும் பஞ்சமும்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பியர் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைக்கு ஆப்பிரிக்க ஏழைகள் விலை கொடுத்தார்கள். ஜெர்மானியருக்கு எதிராகச் சென்ற ஆங்கிலேயப் படைக்கு மூட்டை சுமக்க ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களைப் பிடித்துச் சென்றனர். அவர்களில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பசிக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பலியானவர்களே அதிகம். உயிர் தப்பித் திரும்பியவர்களை நசாம்பியாவில் வைத்துப் பராமரித்தவர்கள் அன்னையும் அவருடைய சகோதரிகளும். இதற்காக 1918-இல் ஆங்கிலேய அரசு எம்.பி.இ. என்ற பட்டத்தை அவருக்கு அளித்தது. ஆனால் போர் முடிவதற்குள் பஞ்சம் வந்தது. அதோடு விஷக்காய்ச்சலும் வந்தது. மூட்டை சுமக்கப் போன தகப்பன் திரும்பவில்லை; வீட்டிலிருந்த தாயும் நோயில் போனாள் என்ற நிலையில் எத்தனையோ பிள்ளைகள் நின்றார்கள். பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குக்கூடக் கஞ்சி ஊற்ற முடியாது என்பது அன்னைக்குத் தெரியும்.

ஆகவே அவர் பிச்சை கேட்கத் தொடங்கினார். அயர்லாந்திலும், இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும் உள்ள பங்குகளுக்கு உகாண்டாக் குழந்தைகளின் நிலையைச் சொல்லி உதவி கேட்டார். உதவியவர்களில் பெரும் பணக்காரர் சிலரே. பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். 1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் ஃபோர்பன் ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபையை நீங்கள் அறிவீர்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் மாதம் ஒரு சிறு காசும், நாளுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபமும் தூரதேசத்துப் பிள்ளைகளுக்காகக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் விதி. பெற்றோர் கொடுத்த மிட்டாய்க் காசை உண்டியலில் போட்ட பிள்ளைகளால் ஒரு கண்டத்தின் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றால் அது மிகையல்ல.

தாய் பிழைத்தால்தான் பிள்ளை பிழைக்கும்

இங்கே நாம் சற்று நின்று ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். அனாதைப் பிள்ளையை எடுத்து வளர்ப்பது நல்ல தர்மம். ஆனால் அந்தப் பிள்ளை அனாதையாகாமல் தடுப்பது அதைவிடப் பெரிய தர்மம். அன்னை கெவின் இதைக் கண்டுகொண்டார். உகாண்டாவில் பிரசவத்தின்போது இறந்த தாய்மார் ஏராளம். பிறந்த சில நாட்களிலேயே இறந்த சிசுக்களும் ஏராளம். மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றால் இவர்களில் பலரைக் காப்பாற்றலாம். ஆனால் துறவறக் கன்னியர் பிரசவம் பார்க்கக்கூடாது என்பது அக்காலத்துத் திருச்சபையின் சட்டம்.

கண்முன்னே ஒரு தாய் உயிருக்குப் போராடுகிறாள். உதவத் தெரிந்த கை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கை நீளக்கூடாது என்கிறது சட்டம். அன்னை என்ன செய்தார்? சட்டத்தை மீறவும் இல்லை. சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் இல்லை. ஈவ்லின் கானலி என்ற பொதுநிலைப் பெண் மருத்துவரோடு சேர்ந்து, 1920-களில் நசாம்பியாவில் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார். கன்னியர் செய்யக் கூடாததை ஆப்பிரிக்கப் பெண்கள் செய்யட்டும் என்று அவர்களைப் பழக்கினார். மறுபுறம், சட்டம் மாற வேண்டும் என்று மேலிடத்தில் விடாமல் கேட்டவர்களோடு தாமும் சேர்ந்து நின்றார். இந்தியத் துணைக்கண்டத்தில் பணிபுரிந்த மருத்துவர் அன்னா டெங்கல் அம்மையாரும் இதே கோரிக்கையை எழுப்பியவர். கடைசியில் 1936-ஆம் ஆண்டு உரோமையிலிருந்து அனுமதி வந்தது. கன்னியர் மருத்துவம் படிக்கலாம், பிரசவமும் பார்க்கலாம் என்றாயிற்று. இன்று நம் நாட்டில் கன்னியர் நடத்தும் மருத்துவமனைகளில் எத்தனையோ குழந்தைகள் பிறக்கின்றன. நம் பங்கிலும் அப்படிப் பிறந்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கெல்லாம் இந்த வரலாற்றில் ஒரு பங்கு இருக்கிறது.

வெள்ளைக் கோழி ஊர்

அன்னையின் பணிகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், 1923-இல் அவர் செய்ததையே நாம் சொல்வோம். அந்த ஆண்டில், எட்டு ஆப்பிரிக்க இளம்பெண்களைச் சேர்த்துப் புனித பிரான்சிஸின் சிறிய சகோதரிகள் என்ற சபையைத் தொடங்கினார். அதன் தாய் இல்லம் உள்ள ஊரின் பெயர் நிகொகொன்ஜேரு. அவர்கள் மொழியில் வெள்ளைக் கோழி என்று அதற்குப் பொருள். தாய்க்கோழி குஞ்சுகளைச் சேர்த்து அணைப்பது போல, தாயற்ற குழந்தைகளையும், உடல் ஊனமுற்றவர்களையும், கைவிடப்பட்ட முதியவர்களையும் அந்த ஊரில் கன்னியர்கள் சேர்த்து அணைத்தார்கள்.

ஆப்பிரிக்கப் பெண்களால் துறவற வாழ்வு வாழ முடியுமா என்று ஐயுற்றவர்கள் அன்று பலர். அன்னை அந்த ஐயத்துக்கு வாயால் விடை சொல்லவில்லை. அந்தப் பெண்களைப் படிக்கவைத்தார், ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் ஆக்கினார், பொறுப்புகளைக் கொடுத்தார். வெளிநாட்டுப் பணம் ஒருநாள் நின்றுபோகும், வெளிநாட்டுக் கன்னியர் ஒருநாள் திரும்பிப்போவார்கள், அன்று இந்த நாட்டுப் பிள்ளைகளை இந்த நாட்டுப் பெண்களே காப்பாற்ற வேண்டும் என்பதே அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. எட்டுப் பேரோடு தொடங்கிய சபையில் இன்று நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கக் கன்னியர்கள் உகாண்டா, கென்யா, டான்சானியா ஆகிய நாடுகளில் பணிபுரிகிறார்கள்.

மற்றப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்வோம். தொழுநோயாளருக்காக 1932-இல் நியெங்காவிலும், 1934-இல் புலூபாவிலும் இல்லங்களைத் திறந்தார். பெண்களின் உயர்கல்விக்காக 1942-இல் நமகுங்காவில் ஒரு பள்ளி எழுந்தது. அது இன்றும் அந்நாட்டின் சிறந்த பெண்கள் பள்ளிகளுள் ஒன்று. அயர்லாந்தில் டண்டால்க் என்ற ஊரை அடுத்த மவுண்ட் ஆலிவரில், ஆப்பிரிக்காவுக்குச் செல்ல விரும்பும் இளம்பெண்களுக்குப் பயிற்சி மடம் ஒன்றை நிறுவினார். 1952-இல் ஆப்பிரிக்காவில் உழைத்த கன்னியர்கள் தனிச் சபையாக அமைக்கப்பட்டபோது, அதன் முதல் பொதுத்தலைவியும் அவரே.

அன்னையிடமும் அவர் காலத்தவரிடமும் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மறைபோதகர்கள் ஆங்கிலேய ஆட்சியின் நிழலில் வாழ்ந்தார்கள். ஐரோப்பிய முறையே உயர்ந்தது என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு இருந்தது. தர்மம் கொடுத்தவர்களிடமும், ஏதுமறியாத மக்களுக்கு நாம் வாழ்வு கொடுக்கிறோம் என்ற பெருமை இல்லாமலில்லை. அன்னையும் அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்தவர்தாம். ஆயினும், கொடுக்கிற கை என்றும் மேலேயே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. வாங்குகிற கை நாளைக்குக் கொடுக்கிற கையாக வேண்டும் என்று உழைத்தார்.

கடைசிப் பயணம்

1955-இல் அன்னைக்கு எண்பது வயது. தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு கொடுத்து அவரை அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள மடத்துக்கு அனுப்பினார்கள். ஓய்வு என்பது பெயருக்குத்தான். அங்கேயும் அவர் ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்காகக் கையேந்தினார். பத்து வயதில் தாயை இழந்த சிறுமி, எண்பது வயதிலும் தாயில்லாப் பிள்ளைகளுக்காகவே வாசல் வாசலாக நின்றார். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், தமது 82-ஆம் வயதில், அங்கேயே ஆண்டவரில் இளைப்பாறினார்.

உடலை அயர்லாந்துக்குக் கொண்டுசென்று மவுண்ட் ஆலிவரில் அடக்கம் செய்தார்கள். ஆனால் உகாண்டா மக்கள் அதற்கு ஒப்பவில்லை. எங்கள் தாய் எங்கள் மண்ணில்தான் உறங்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுடைய வேண்டுகோளை மறுக்க முடியவில்லை. அன்னையின் உடல் மீண்டும் எடுக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் நிகொகொன்ஜேருவில் அடக்கம் செய்யப்பட்டது. சுமார் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்நியராக வந்தவரை, மகள்களும் மகன்களும் தாயாகத் தோளில் சுமந்து சென்றார்கள். இதற்கு ஈடான பட்டத்தை எந்த அரசால் கொடுக்க முடியும்?

அன்னையின் பெயர் அந்நாட்டு மொழியில் ஒரு பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. மருத்துவமனையையும் தர்ம நிலையத்தையும் கெவினா என்று மக்கள் அழைக்கலானார்கள். மாமரத்தடியில் தொடங்கிய நசாம்பியா மருத்துவமனை, 1980-களில் எய்ட்ஸ் நோய் உகாண்டாவைச் சூறையாடியபோது, நோயாளிகளை வீடு தேடிச் சென்று பராமரித்தது. மறுபடியும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அனாதைகளானார்கள். மறுபடியும் அன்னையின் மகள்கள் அங்கே நின்றார்கள். அன்னையைப் புனிதராக உயர்த்துவதற்கான ஆய்வு 2016-இல் உகாண்டாவில் தொடங்கப்பட்டது. இப்போது அவர் இறை ஊழியர் என்று அழைக்கப்படுகிறார்.

நமது கல்வி நிதி

இனி நம் பங்குக்கு வருவோம். உங்களில் வயதில் மூத்தவர்களுக்கு ஆலய வளாகத்தில் அமெரிக்கக் கோதுமையும் பால் பொடியும் வாங்கிய நாட்கள் நினைவிருக்கும். கடல் கடந்து வந்த பணத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இன்று நம்மிடையே ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிறார்கள். நாமும் அப்படிப் படித்தவரே. ஆண்டுக்கொருமுறை, முகம் தெரியாத உபகாரிக்கு நன்றிக் கடிதம் எழுத எங்களை வரிசையாக உட்கார வைப்பார்கள். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு நல்ல சட்டை போட்டுப் புகைப்படம் எடுப்பார்கள். சட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சாப்பாடு போட்டவர்களுக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுக்காக இன்றும் பூசையில் ஜெபிக்கிறோம். ஆயினும் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்த வேளை இத்தனை ஆண்டுகளாகியும் மறக்கவில்லை.

கல்வி நிதியைப் பெறும் பிள்ளைகளைப் பொன்விழா மேடைக்கு அழைத்து, நன்கொடையாளர் கையால் காசோலை வழங்கிப் புகைப்படம் எடுக்கலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். அதற்கு நாம் சம்மதிக்கவில்லை. சிலருக்கு அது வருத்தம் என்பதும் தெரியும். காரணத்தை இக்கட்டுரையில் சொல்லிவிட்டோம். பிள்ளையின் வறுமை மேடையில் காட்டுவதற்கு உரியதன்று. நிதி பெறும் பிள்ளைகளின் பெயர் பங்குத்தந்தைக்கும் இரண்டு பொறுப்பாளர்களுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும். பணம் நேராகப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும். கணக்கு ஆண்டுதோறும் ஆலய முகப்பில் ஒட்டப்படும். அதில் தொகை இருக்கும், பெயர் இருக்காது. படித்து வேலைக்குப் போனபின், முடிந்தவர்கள் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கட்டும். அதுவே அவர்கள் எழுதும் நன்றிக் கடிதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாமே ஒரு காலத்தில் பிறநாட்டு ஏழைகளின் மிட்டாய்க் காசில் வளர்ந்தோம். ஆகவே திருப்பாலத்துவ ஞாயிறன்று நம் பிள்ளைகள் உண்டியலில் போடும் காசை, நமக்கே இல்லாதபோது வெளியே எதற்கு என்று யாரும் தடுக்க வேண்டாம். ஐம்பது ஆண்டுகளாக ஆண்டவர் இந்தப் பங்கை வாங்குகிற கையாக வைத்திருந்தார். இனி வரும் ஐம்பது ஆண்டுகளில் நாம் கொடுக்கிற கையாக இருப்போம். அன்னை கெவின் நமக்காக ஆண்டவரிடம் பரிந்து பேசுவாராக.